மதர்போர்டை எடைபோடுவது எப்படி? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ப்ராசஸர் பற்றி எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மதர்போர்டைப் பற்றித்தான் கேட்டிருந்தன. ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் வாங்கப் பத்து நாள் யோசிக்கிறவர்கள், போர்டை மட்டும் கடைசிப் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுகிறார்கள். மற்ற எல்லாமே அதன் மேல்தான் உட்காரப்போகிறது. அதனால் இந்த முறை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: இரண்டு போர்டுகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டுமே பி650 சிப்செட். ஒன்றின் விலை மற்றதைப் போல இரண்டு மடங்கு. சிப்செட் ஒன்றுதானே சார், அப்புறம் எதற்கு இவ்வளவு வித்தியாசம்? வெறும் பளபளப்புக்கா?

பதில்: பளபளப்புக்கும் கொஞ்சம் போகிறது, மறுக்கவில்லை. ஆனால் பெரிய வித்தியாசம் ப்ராசஸர் சாக்கெட்டுக்கு இடப்பக்கமும் மேலேயும் இருக்கிற பகுதியில் இருக்கும். சிப்செட் என்பது மற்ற பாகங்களை ப்ராசஸரோடு இணைக்கிற சிப். யூஎஸ்பி எத்தனை, ஹார்ட் டிஸ்க் செருகும் சாட்டா எத்தனை, ஓவர்கிளாக் (ப்ராசஸரை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது) உண்டா இல்லையா என்கிற கணக்கை மட்டும்தான் அது சொல்லும். ப்ராசஸருக்கு மின்சாரம் எப்படிப் போய்ச் சேருகிறது என்பது சிப்செட் பெயரில் இருக்காது. அதை ஒவ்வொரு நிறுவனமும், ஏன், ஒரே நிறுவனமே மாடலுக்கு மாடல் வேறு மாதிரி செய்கிறது.

எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு வருவது 12 வோல்ட். ப்ராசஸருக்கு வேண்டியது 1.2 வோல்ட் சுமாருக்கு. இந்த இறக்குகிற வேலையைச் செய்யும் பகுதிக்கு விஆர்எம் என்று பெயர். 150 வாட் இழுக்கிற ப்ராசஸர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 150ஐ 1.2ஆல் வகுத்தால் 125 ஆம்பியர் வருகிறது. கார் ஸ்டார்ட் ஆகிற அந்த ஓரிரு நொடிகள் பேட்டரியிலிருந்து மோட்டார் இழுக்கிற கரண்ட் கிட்டத்தட்ட இந்த அளவு இருக்கும். அதே கரண்ட் இங்கே உள்ளங்கை அகல இடத்தில் மணிக்கணக்காக ஓடுகிறது. இறக்கும்போது நூற்றுக்குப் பத்து வீணாகிறது என்று வைத்தால்கூடப் பதினைந்து வாட்டுக்கு மேல் அந்தச் சின்ன இடத்திலேயே சூடாக மாறும். அந்தச் சூட்டை எடுத்து வெளியே விடுவதற்குத்தான் ஹீட்சிங்க்.

இப்போது இரண்டு போர்டையும் பக்கத்தில் வைத்து அந்த ஹீட்சிங்கைப் பாருங்கள். மேலே அழகான வளைவும் பெயரும் பொறித்த ஒரு மூடி, உள்ளே கனம் இல்லை, காற்று புகுந்து வெளியே வர இடுக்கே இல்லை என்றால் அது கொஞ்ச நேரம் சூட்டை உறிஞ்சும், அப்புறம் அதுவும் சேர்ந்து சூடாகிவிடும். பட்டை பட்டையாக வெட்டிய தகடுகள், கீழே அழுத்தமாகப் பொருந்திய சூடு கடத்தும் பட்டி, இரண்டு பக்க ஹீட்சிங்கையும் இணைக்கிற செம்புக் குழாய், இவையெல்லாம் இருந்தால் வடிவமைத்தவர் வேலையைத் தெரிந்து செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஒருமுறை வீடியோ எடிட் செய்கிற ஒருவர் தன் கம்ப்யூட்டரை என்னிடம் கொண்டுவந்தார். 12 கோர் ப்ராசஸர். ரெண்டர் ஆரம்பித்ததும் பறக்கும், ஆறேழு நிமிடத்தில் திடீரென்று வேகம் பாதியாகிவிடும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஏறும். ப்ராசஸர் சூடு 70 டிகிரியைத் தாண்டவில்லை, அதனால் கூலர் மேல் குறை இல்லை. சென்சார் பட்டியலில் இன்னும் கீழே போய்ப் பார்த்தால் விஆர்எம் 110 டிகிரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. ஹீட்சிங்க் என்ற பெயரில் ஒரு பக்கம் மட்டும் மெல்லிய தகடு, மேல்வரிசைக்கு அதுவும் கிடையாது. ஒரு சின்ன ஃபேனைப் பிடித்து அந்தப் பக்கம் காற்று அடிக்க வைத்ததும் வேகம் இறங்குவது நின்றுவிட்டது. ப்ராசஸர் நல்லது, கூலர் நல்லது, போர்டு மட்டும் அந்தச் சுமைக்கு ஆனதில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் போடப்போவது ரைசன் 5 7600 மாதிரி ஒன்று என்றால் அதன் உச்ச வரம்பே 88 வாட்தான், விலை குறைந்த போர்டே தாராளமாகப் போதும், மிச்சப் பணத்தை ராமில் போடுங்கள். இரண்டு வருடம் கழித்து 12 அல்லது 16 கோருக்கு மாறும் எண்ணம் இருந்தால் மட்டும் இரண்டாவது போர்டைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: ஒரு போர்டில் "14+2+1 பவர் பேஸ்" என்றும் இன்னொன்றில் "8+2+1" என்றும் இருக்கிறது. 14 என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

பதில்: கண்ணைத் திறந்துகொண்டே வாங்குங்கள். விஆர்எம்மில் கரண்ட்டைப் பங்குபோட்டுச் சுமக்கிற ஒவ்வொரு பிரிவும் ஒரு பேஸ். முதல் எண் ப்ராசஸர் கோர்களுக்கு, இரண்டாவது அதே ப்ராசஸருக்குள் இருக்கிற மெமரி கன்ட்ரோலர் போன்ற பகுதிகளுக்கு, மூன்றாவது மற்ற சில்லறை வேலைகளுக்கு. நீங்கள் கவனிக்க வேண்டியது முதல் எண்.

பேஸ் கூடுவதில் உண்மையான பலன் உண்டு. அதே 125 ஆம்பியரை 4 பேஸ் பங்கிட்டால் ஆளுக்கு 31 ஆம்பியர், 8 பேஸ் என்றால் ஆளுக்கு 16க்கும் குறைவு. கரண்ட் ஓடுவதால் வரும் சூடு கரண்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். எனவே ஆளுக்குப் பாதிச் சுமை என்றால் ஆளுக்குக் கால்வாசிச் சூடு, ஆட்கள் இரண்டு மடங்கு இருப்பதால் மொத்தச் சூடு பாதி. ஆனால் பல போர்டுகளில் 14 என்று எழுதியிருப்பது ஏழு ஜோடிகள்தான். கட்டுப்படுத்துகிற சிப் ஏழு பேஸுக்குத்தான் உத்தரவு போடும், ஒவ்வொரு உத்தரவுக்கும் இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்வார்கள். சூட்டைப் பங்கிடுவதற்கு இது பரவாயில்லை, நல்ல ஏற்பாடுதான். மின்னழுத்தம் ஏறி இறங்காமல் சீராக இருப்பதில் மட்டும் 14 தனித்தனிப் பேஸுக்கு இது சமம் ஆகாது.

இன்னொன்று, ஒவ்வொரு பேஸிலும் இருக்கிற பவர் ஸ்டேஜ் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதைப் பாருங்கள். 50, 60, 80, 90 என்று விதவிதமாக வரும். 90 ஆம்பியர் ஸ்டேஜ் எட்டு இருக்கிற போர்டு, 50 ஆம்பியர் ஸ்டேஜ் பதினான்கு இருக்கிற போர்டுக்குக் குறைந்ததே இல்லை. தயாரிப்பாளர் அந்த ஆம்பியர் எண்ணை எங்குமே சொல்லவில்லை என்றால் நான் அதைச் சாதாரணமானது என்றே எடுத்துக்கொள்வேன். பெருமைப்பட ஒன்று இருந்தால் பெட்டியின் மேலேயே போட்டிருப்பார்கள்.

கேள்வி: என் போர்டில் நீளமான ஸ்லாட் மூன்று இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு, வெளியிலிருந்து வீடியோ பதிவு செய்கிற கேப்சர் கார்டு, 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டு மூன்றையும் போட நினைக்கிறேன். மூன்றுமே எக்ஸ்16 ஸ்லாட் என்பதால் பிரச்சினை இருக்காதல்லவா?

பதில்: இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஸ்லாட்டின் நீளம் வேறு, அதற்குள் ஓடுகிற பாதைகள் வேறு. எக்ஸ்16 என்றால் 16 பாதைக்கான நீளம், அவ்வளவுதான். பாதை என்று நான் சொல்வதை மேனுவலில் லேன் என்று போட்டிருப்பார்கள். நெட்வொர்க் கேபிள் செருகுகிற லேன் வேறு, இது வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒரு சின்ன டார்ச்சை எடுத்து ஸ்லாட்டின் வாய்க்குள் மேலிருந்து அடித்துப் பாருங்கள். முதல் ஸ்லாட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தங்க நிறக் கம்பிகள் வரிசையாக மின்னும். இரண்டாவது, மூன்றாவது ஸ்லாட்டுகளில் பின்பக்க போர்ட்டுகளுக்கு அருகில் இருக்கிற முனையில் கொஞ்ச தூரம் வரை கம்பிகள் இருக்கும், அப்புறம் வெறும் பிளாஸ்டிக் பள்ளம். கம்பி எங்கே நிற்கிறதோ அங்கே பாதையும் நிற்கிறது. நீளமாகச் செய்வதற்குக் காரணம், பெரிய கார்டும் உட்காரட்டும் என்பதுதான். உட்காரும், ஆனால் 4 பாதையிலோ, சில போர்டுகளில் ஒரே ஒரு பாதையிலோதான் ஓடும்.

இந்த ஸ்லாட்டுகளின் இணைப்பு முறைக்குப் பிசிஐஇ என்று பெயர், 3.0, 4.0 என்பவை அதன் தலைமுறைகள். பாதை ஒன்றுக்குப் பிசிஐஇ 3.0வில் ஏறக்குறைய 1 ஜிபி, 4.0வில் 2 ஜிபி, 5.0வில் 4 ஜிபி ஒரு நொடிக்குப் போகும். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டுக்கு 1.25 ஜிபி இருந்தால் போதும், அதனால் 4 பாதை உள்ள 3.0 ஸ்லாட் தாராளம். ஆனால் பழைய 2.0 கார்டு ஒன்றை ஒற்றைப் பாதை ஸ்லாட்டில் போட்டால் அரை ஜிபிதான் வரும், ஏனென்றால் ஸ்லாட் எவ்வளவு புதியதாக இருந்தாலும் கார்டின் தலைமுறைக்கு இறங்கித்தான் பேசும். உங்கள் மூன்று கார்டுக்கும் தனித்தனியாக இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் இடம். இப்போது வருகிற கிராபிக்ஸ் கார்டுகள் பல மூன்று ஸ்லாட் தடிமன் இருக்கின்றன. இரண்டாவது ஸ்லாட் அதன் வயிற்றுக்கு அடியில் மறைந்துவிட்டால் அங்கே எத்தனை பாதை இருந்து என்ன பயன்? படத்தில் முதல் நீள ஸ்லாட்டிலிருந்து அடுத்த ஸ்லாட் எத்தனை படி தள்ளி இருக்கிறது என்று எண்ணிவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: எஸ்எஸ்டி செருகுகிற எம்.2 ஸ்லாட் நான்கு இருக்கிறது என்று ஆசையாக வாங்கினேன். மூன்றாவது எஸ்எஸ்டி போட்டதும் பழைய ஹார்ட் டிஸ்க் இரண்டும் பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடுகிற, போர்டின் சொந்த மென்பொருள்) காணவில்லை. எஸ்எஸ்டியைக் கழற்றினால் திரும்ப வருகிறது. போர்டு பழுதா?

பதில்: பழுது இல்லை, பயப்படாதீர்கள். அந்த எம்.2வும் அந்த இரண்டு சாட்டா போர்ட்டும் ஒரே பாதையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. இது, இல்லையென்றால் அது. மேனுவலில் எம்.2 பற்றிய பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், "இந்த ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் சாட்டா 5, 6 இயங்காது" என்கிற மாதிரி. ஹார்ட் டிஸ்க்குகளை வேறு சாட்டா எண்களுக்கு மாற்றிச் செருகுங்கள், வந்துவிடும்.

இதற்குப் பின்னால் இருக்கிற கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. ப்ராசஸரிலிருந்து நேராக வருகிற பாதைகள் எண்ணிக்கையில் அளவானவை. பி650 போர்டுகளில் இருக்கிற ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் மொத்தம் 28, அதில் நான்கு சிப்செட்டோடு பேசுவதற்கே போய்விடும். மிச்சம் 24. கிராபிக்ஸ் கார்டுக்கு 16, ஒரு எம்.2வுக்கு 4, இன்னொரு நான்கை என்ன செய்வது என்று போர்டு செய்கிறவர் முடிவு செய்கிறார். மற்ற எம்.2, சாட்டா, நெட்வொர்க், பெரும்பாலான யூஎஸ்பி எல்லாம் சிப்செட்டின் பின்னால் நிற்கின்றன. பி650 சிப்செட்டுக்கும் ப்ராசஸருக்கும் நடுவே இருப்பது 4.0 தலைமுறையில் 4 பாதை, அதாவது சுமார் 8 ஜிபி. வேகமான 4.0 எஸ்எஸ்டி ஒன்றே 7 ஜிபி வரை படிக்கும். அந்தப் பக்கம் இரண்டு எஸ்எஸ்டி போட்டு இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் படிக்காத வரை, சாதாரண உபயோகத்தில் இது தெரியாது. பெரிய வீடியோ கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

ஏஎம்டியின் இன்னொரு சிப்செட்டான எக்ஸ்870 உள்ள போர்டுகளில் இன்னொரு விஷயம். யூஎஸ்பி4 கட்டாயம் என்று ஏஎம்டி வைத்ததால் பல போர்டுகளில் அந்த நான்கு பாதை அங்கே போய்விடுகிறது. அதனால் சில மாடல்களில் இரண்டாவது எம்.2வில் எஸ்எஸ்டி போட்டதும் கிராபிக்ஸ் கார்டு 16லிருந்து 8 பாதைக்கு இறங்கும். விளையாட்டில் பெரிதாகத் தெரியாது, ஆனாலும் வாங்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய சங்கதி. எல்லா நிறுவனங்களும் மேனுவலைத் தங்கள் தளத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. அதில் கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு படம் இருக்கிறதா என்று தேடுங்கள், எது ப்ராசஸரோடு, எது சிப்செட்டோடு என்று அந்த ஒரு படம் சொல்லிவிடும். ஒரு போர்டைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியதில் பாதியை நான் அந்தப் படத்திலிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணா, நான் கல்லூரி மாணவி. இரண்டு 16 ஜிபி டிடிஆர்5 ராம் 6000 வேகத்தில் நன்றாக ஓடியது. அதே மாதிரி இன்னும் இரண்டு வாங்கி நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினேன், இப்போது ஆன் ஆகவே மாட்டேன் என்கிறது. சிலநேரம் ஆன் ஆனாலும் 3600 என்று காட்டுகிறது. ஸ்லாட் நான்கு கொடுத்துவிட்டு இப்படிச் செய்யலாமா?

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான் தங்கச்சி, இதைப் பெட்டியின் மேல் யாருமே பெரிதாக எழுதுவதில்லை. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரப்பூர்வமாகச் சொல்கிற வேகம் இரண்டு ராமுக்கு 5200, நான்கு ராமுக்கு 3600. நீங்கள் பார்க்கிற 3600 அங்கிருந்து வருகிறது. 6000 என்பது பயாஸில் எக்ஸ்போ என்கிற ராம் வேக அமைப்பை ஆன் செய்து வாங்கிய கூடுதல் வேகம், இரண்டு ராமில் எளிதாகக் கிடைக்கும், நான்கில் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

காரணம் போர்டின் செப்புக் கோடுகளில் இருக்கிறது. பெரும்பாலான போர்டுகளில் ப்ராசஸரிலிருந்து கிளம்புகிற கோடு பக்கத்து ஸ்லாட்டைத் தொட்டுவிட்டு அடுத்த ஸ்லாட்டில் போய் முடிகிறது. கடைசியில் ராம் இருந்தால் சிக்னல் அங்கே ஒழுங்காகப் போய் முடியும். கடைசி ஸ்லாட் காலியாக இருந்தால் அந்த மிச்சக் கோட்டின் முனையில் சிக்னல் மோதித் திரும்பி வந்து அடுத்த சிக்னலைக் கலைக்கும். அதனால்தான் இரண்டு ராம் மட்டும் இருக்கும்போது ப்ராசஸரிலிருந்து எண்ணி 2, 4 ஸ்லாட்டுகளில் போடச் சொல்கிறார்கள். நான்கும் நிரம்பினால் ஒரே கோட்டில் இரண்டு ராம் தொங்குகிறது, சுமை கூடுகிறது, வேகம் குறைகிறது. இரண்டே ஸ்லாட் உள்ள போர்டுகள் சில ராம் வேகத்தில் நான்கு ஸ்லாட் போர்டுகளை ஜெயிப்பதும் இதனால்தான்.

ஆன் ஆகவில்லை என்று சொன்னீர்களே, எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? டிடிஆர்5இல் ராமை மாற்றிய பிறகு முதல் முறை போர்டு உட்கார்ந்து ஒவ்வொரு ராமோடும் பேசிப் பழகும். திரை கறுப்பாகவே இருக்கும், பல நிமிடங்கள்கூட ஆகும். நடுவில் பொறுமை இழந்து அணைத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒருமுறை ஆன் செய்துவிட்டுப் பதினைந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். முடிந்தால் நான்கையும் விற்றுவிட்டு 32 ஜிபி ராம் இரண்டு ஒரே பெட்டியாக வாங்குங்கள். 64 ஜிபியும் இருக்கும், வேகமும் இருக்கும்.

கேள்வி: ஏடிஎக்ஸ் வாங்கலாமா, மைக்ரோ ஏடிஎக்ஸ் போதுமா?

பதில்: இவையெல்லாம் போர்டின் அளவுகளுக்கான பெயர்கள். கிராபிக்ஸ் கார்டு ஒன்று, எஸ்எஸ்டி இரண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு மைக்ரோ ஏடிஎக்ஸ் போதும். ஏடிஎக்ஸ் 305க்கு 244 மி.மீ., மைக்ரோ 244க்கு 244, மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. போர்டு சின்னது என்பதால் மட்டுமே வேகம் குறையாது. ஆனால் மைக்ரோவில் மலிவான மாடல்கள் அதிகம், அதனால் விஆர்எம் பக்கம் கூடுதலாகக் கவனம் வேண்டும். மினி ஐடிஎக்ஸில் கை நுழையவே இடம் இருக்காது, முதல் முறை அசெம்பிள் செய்கிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: பயாஸ் எல்லா போர்டிலும் ஒன்றுதானே? அதைப் பார்த்து யாராவது போர்டு வாங்குவார்களா?

பதில்: நான் வாங்குவேன். போர்டில் என்ன வன்பொருள் இருந்தாலும் ப்ராசஸருக்கு எத்தனை வோல்ட், எத்தனை வாட் என்று கடைசியில் சொல்வது பயாஸ்தான். 2023இல் ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில சாக்கெட்டோடு சேர்ந்து கருகின. எக்ஸ்போ ஆன் செய்தபோது போர்டுகள் கொடுத்த எஸ்ஓசி மின்னழுத்தம் (ப்ராசஸருக்குள் மெமரி கன்ட்ரோலர் போன்ற பகுதிகளுக்குப் போவது) மிக அதிகமாக இருந்தது, அதற்கப்புறம் ஏஎம்டி 1.3 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்று பயாஸ் வழியாகப் பூட்டுப் போட்டது. 2024இல் இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் நிலைகுலைந்து போன விவகாரத்தில் முக்கியக் கோளாறு இன்டெல்லின் மைக்ரோகோடில், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே ஓடுகிற கட்டளைத் தொகுப்பில் இருந்தது. ஆனால் போர்டுகள் இன்டெல் சொன்ன பவர் வரம்பைத் தாண்டி அமைத்திருந்ததும் காரணங்களில் ஒன்று என்று இன்டெல்லே பட்டியலில் சேர்த்தது. இரண்டு தடவையும் புதிய பயாஸ் போட்டவர்கள் தப்பித்தார்கள், அதற்குள் கெட்டுப்போன ப்ராசஸர்களை மட்டும் பயாஸால் திருப்ப முடியவில்லை. ஆகவே தயாரிப்பாளரின் சப்போர்ட் பக்கத்துக்குப் போய் இரண்டு வருடம் பழைய மாடல் ஒன்றுக்குக் கடைசியாக எப்போது பயாஸ் வந்தது என்று பாருங்கள். அவர்கள் உங்களை எப்படிக் கவனிப்பார்கள் என்பது அந்தத் தேதியில் தெரிந்துவிடும்.

இரண்டு சின்ன வசதிகளை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஒன்று, பின்பக்கம் இருக்கிற பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன். ப்ராசஸர், ராம் எதுவும் இல்லாமல் எஸ்எம்பிஎஸ்ஸும் ஒரு பென் டிரைவும் மட்டும் வைத்துப் பயாஸ் ஏற்றலாம். புது ப்ராசஸரைப் பழைய போர்டு அடையாளம் காணவில்லை, போர்டுக்குத் தெரிந்த பழைய ப்ராசஸரும் கையில் இல்லை என்றால் இதுதான் வழி. இன்னொன்று, வலது ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதியிருக்கிற நான்கு சின்ன விளக்குகள். கம்ப்யூட்டர் ஆன் ஆகாதபோது எந்த விளக்கு எரிந்தபடி நிற்கிறதோ அங்கே சிக்கல். மேலே கேட்ட கல்லூரி மாணவிக்கு அந்த இரண்டாவது விளக்கு எரிந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: பின்பக்கம் எச்டிஎம்ஐ இருக்கிறது, கேபிள் செருகினால் படம் வரவில்லை. ஆடியோ சிப் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: அந்த எச்டிஎம்ஐ வேலை செய்ய ப்ராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்க வேண்டும். இன்டெல்லில் மாடல் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்று இருந்தால் கிராபிக்ஸ் கிடையாது, கார்டின் பின்னால் இருக்கிற போர்ட்டில் செருகுங்கள். ஆடியோவுக்கு ரியல்டெக் ஏஎல்சி897 சாதாரண ஸ்பீக்கருக்கு ஒன்றும் குறைவில்லை, நல்ல ஹெட்போன் வைத்திருந்தால் ஏஎல்சி1220, ஏஎல்சி4080 உள்ளவற்றைப் பாருங்கள். பின்பக்கத்தில் அதைவிட யூஎஸ்பி எண்ணிக்கைதான் எனக்கு முக்கியம். ஆறுக்குக் குறைவாக இருந்தால் கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், வெப்கேம் என்று சீக்கிரமே நிரம்பிவிடும்.

கேள்வி: பழைய போர்டு ஒன்று தெரிந்தவரிடமிருந்து கிடைக்கிறது. கையில் வாங்கிப் பார்க்கும்போது எதை எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் சாக்கெட். மூடியைத் திறந்து, போர்டைக் கண்ணுக்கு நேராக உயர்த்தி, ஒரு பக்கமாகச் சாய்த்து வெளிச்சம் படும்படி பிடியுங்கள். ஏஎம்5 என்றால் 1718 ஊசிகள், இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட் என்றால் 1700. அத்தனையும் ஒரே கோணத்தில் வளைந்து நிற்பதால் வெளிச்சம் அவற்றின் மேல் வரிசை வரிசையாகக் கோடு போட்ட மாதிரி ஓடும். மெதுவாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். எங்கேயாவது அந்தக் கோடு உடைந்தாலோ, ஒரு புள்ளி மட்டும் முன்னதாக மின்னினாலோ அங்கே ஊசி மடங்கியிருக்கிறது. ஒரே ஒரு ஊசி போதும், ஒரு பக்க ராம் மொத்தமும் தெரியாமல் போகும். நாலா பக்கமும் திருப்பிப் பாருங்கள், ஏனென்றால் ஒரு திசையில் தெரியாதது மறு திசையில் தெரியும். ஏஎம்டியின் முந்தைய சாக்கெட்டான ஏஎம்4 என்றால் ஊசி ப்ராசஸரில் இருக்கும், இந்தக் கவலை போர்டுக்கு இல்லை.

அடுத்து கெபாசிட்டர்கள். 2000களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் உள்ளே திரவம் வைத்த கெபாசிட்டர்கள் உப்பி, மேலே வெடித்து, பழுப்பு நிறத்தில் கசிந்து போர்டையே கொன்றன. அந்த அனுபவத்துக்குப் பிறகு பெரும்பாலான போர்டுகள் திட பாலிமர் கெபாசிட்டருக்கு மாறிவிட்டன, எனவே புதியவற்றில் அந்த பயம் குறைவு. ஆனால் ஆடியோ பகுதியில் இன்னும் திரவ வகை வைக்கிறார்கள். தலைப்பாகம் தட்டையாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

கேபினெட்டின் முன்பக்க யூஎஸ்பிக்காகப் போர்டில் இருக்கிற 19 முனை கனெக்டரையும் விட்டுவிடாதீர்கள். அந்த வயர் பிடிவாதமாக மாட்டிக்கொள்ளும், வேகமாக இழுத்தவர்கள் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக்கையும் சேர்த்துப் பிடுங்கியிருப்பார்கள், ஊசிகள் நாலாபக்கமும் சாய்ந்திருக்கும். கடைசியாகப் போர்டைப் புரட்டி, ஸ்க்ரூ ஓட்டைகளைச் சுற்றிக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் வழுக்கினால் மெல்லிய செப்புக் கோடுகள் அறுந்துபோகும். நகத்தால் வருடும்போது தட்டுப்படுகிற ஆழமான கீறல் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தெரிந்தவராக இருந்தாலும் சரி.

தேதி, நேரம், பயாஸ் அமைப்புகளைக் காக்கிற சிமாஸ் பேட்டரி தீர்ந்திருப்பதைக் குறையாக எண்ண வேண்டாம். சிஆர்2032 என்று கேட்டால் எங்கும் கிடைக்கும், மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: கலர் லைட் வயரைச் செருகியதும் லைட் ஒருமுறை மின்னிவிட்டு அணைந்தே போய்விட்டது. போர்டில் இரண்டு இடம் இருந்தது, கிடைத்த இடத்தில் செருகினேன்.

பதில்: ஐந்து வோல்ட் லைட்டைப் பன்னிரண்டு வோல்ட்டில் செருகியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நான்கு ஊசி வரிசையாக இருப்பது 12 வோல்ட், பழைய வகை, மொத்தப் பட்டையும் ஒரே நிறம் காட்டும். மூன்று ஊசியும் நடுவில் ஓர் இடைவெளியும் இருப்பது 5 வோல்ட், ஒவ்வொரு விளக்கும் தனி நிறம் காட்டுகிற புது வகை. லைட் போய்விட்டது, அதைக் காப்பாற்ற முடியாது, ஆனால் பெரும்பாலும் போர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, புது லைட்டை மூன்று ஊசி உள்ள இடத்தில் அம்புக்குறி பார்த்துச் செருகிப் பாருங்கள். எரிந்தால் போர்டு நலம்.